நீடாமங்கலம் கேட்டில் நின்ற வேட்பாளர்

வைரக்கண்ணு: ...ஒரு டீக்கு இவ்வளவா? எந்தக் கடையில இந்த வெலைக்கு விக்கிறான்? வண்டிய அங்க விடு தம்பி, அந்த டீ மாஸ்டருக்கு ஒரு சால்வை போட்டுட்டு வருவோம்.

சுஹைப்: வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சுண்ணே. ரயில்வே கேட் போட்டுட்டாங்க.

வைரக்கண்ணு: நீடாமங்கலம் கேட்டா... சரியாப் போச்சு. இன்னிக்கித் தொறப்பானா?

சுஹைப்: கூட்ஸ் நிக்கிது. அப்புறம், சால்வைன்னீங்களே... அதுக்கும் தேர்தல் ஆபீஸ் போட்ட செலவுப் பட்டியல்ல வெல இருக்கு, டீக்கு இருக்கற மாதிரியே. நீங்க ஒருத்தருக்குப் போட்டாலும் உங்க கணக்குல செலவு. உங்களுக்கு ஒருத்தர் போட்டாலும் வீடியோ எடுக்கறவங்க குறிச்சுக்குவாங்க.

வைரக்கண்ணு: எனக்குப் போட்டா அது வரவுல்ல?

சுஹைப்: வேட்பாளர் ஆனப்புறம் வரவே கெடையாதுண்ணே. எல்லாம் செலவுதான்.

ஈஸ்வரி: கழுத்துல தாலி ஏறுனப்புறம் எனக்கு இருந்த மாதிரி.

வைரக்கண்ணு: நீ சும்மா இரு ஈஸ்வரி. ஆடிட்டர்கிட்டப் பேசிட்டு இருக்கேன்ல. தம்பி, அப்ப திருக்கடையூர் விசயம்?

சுஹைப்: அதான் நேத்தே வேணாம்னேனே.

வைரக்கண்ணு: என்னய்யா வேணாம்? எனக்கு வயசு அறுபது. பொறந்த நட்சத்திரம் இந்த மாசத்துல வருது. அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கறதுக்குத் தேர்தல் கமிஷன்கிட்டயா பத்திரிக்கை வைக்கணும்?

சுஹைப்: பண்ணிக்கங்க. நீங்க, அண்ணி, அய்யரு மூணு பேரு. நீங்க தொகுதிக்கே எலை போடறேங்கறீங்க. ஒவ்வொரு எலையும் உங்க செலவுல ஏறும். வரம்பு அன்னிக்கே தாண்டிரும்.

ஈஸ்வரி: தம்பி, அந்தக் கல்யாணத்துல மறுபடி ஒரு தாலி கட்டுவாங்களே... அது எந்தத் தலைப்புல வரும்? பிரச்சாரமா?

வைரக்கண்ணு: இவளுக்கு இன்னிக்கி என்னமோ வாய் நீளுது. ஃபிளாஸ்க்க எடு. ஒரு வாய் காபி குடு.

ஈஸ்வரி: நெறைஞ்சிருக்குங்க.

சுஹைப்: அப்ப எனக்கும் அரை டம்ளர் குடுங்க அண்ணி.

வைரக்கண்ணு: யோவ், தீந்து போச்சுங்கறா. எங்க வீட்டுல அரிசிப் பானை காலியானாக்கூட நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். அந்த இன்னொரு வார்த்தை... அது எங்க வாயில வராது. எங்கம்மா போட்ட சட்டம். இவ அதுல ரொம்பக் கறாரு.

சுஹைப்: ஒங்க வீட்டுக் கணக்குப் பாக்க வந்தா நான் பைத்தியமாயிருவேன் போலருக்கே.

வைரக்கண்ணு: நீ தேர்தல் கணக்க மட்டும் பாரு. அந்தக் காச எப்படி எடுக்கறது? நேத்து சேரன் வந்து மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கேட்டான். பாக்கெட்லேர்ந்து எடுத்துக் குடுக்கப் போனேன், நீ கையப் புடிச்சுட்ட.

சுஹைப்: புடிக்காம? தேர்தலுக்குன்னு தனியா பேங்க் அக்கவுண்ட் எதுக்குத் தொறந்தோம்? மைக் செட்டு, பந்தல், வேன் வாடகை, எதுவா இருந்தாலும் அந்த அக்கவுண்ட் வழியாத்தான் போகணும். பெரிய தொகைன்னா செக்கு. வேட்பாளர் கையெழுத்து. தேர்தல் முடிஞ்சு கணக்கு ஒப்படைக்கலன்னா மூணு வருசம் எதுலயும் நிக்க முடியாது.

வைரக்கண்ணு: என் காசு, என் தொகுதி, என் கை. நடுவுல ஒரு செக் புக்கு.

ஈஸ்வரி: எனக்கும் ஒரு அக்கவுண்ட் தொறந்தீங்களே தம்பி. அதுல நானும் செக்கு போடலாமா?

சுஹைப்: நீங்களும் மனுத் தாக்கல் பண்ணிருக்கீங்கல்ல அண்ணி. அதனால தொறந்தோம். அண்ணன் மனுவ ஏத்துக்கிட்டாங்கன்னா அதுக்கு வேலை வராது.

ஈஸ்வரி: ஓகோ.

வைரக்கண்ணு: அட, நீ மாத்து வேட்பாளர்டி. கட்சி லெட்டர்ல எம் பேரு மேல, உம் பேரு கீழ. எனக்கு ஏதாவது ஆச்சுன்னாதான் நீ. வண்டில ஸ்டெப்னி இருக்குல்ல, அது மாதிரி.

சுஹைப்: அண்ணே, அந்த வார்த்தைய மேடையில சொல்லிடாதீங்க. அர்த்தம் வேற மாதிரிப் போயிரும்.

வைரக்கண்ணு: டயரத்தான்யா சொன்னேன்.

ஈஸ்வரி: சொல்லட்டும் தம்பி. டயர்ன்னா எனக்குச் சந்தோசம்தான்.

வைரக்கண்ணு: பாரு, கோச்சுக்கறா. ஒழுங்கா பைபாஸ்ல போயிருந்தா இன்னேரம் ஆபீஸ் வாசல்ல எறங்கியிருப்போம். சந்தானராமருக்கு அர்ச்சனை பண்ணிட்டுத்தான் போகணும்னு அடம் புடிச்சது யாரு?

ஈஸ்வரி: மனு பரிசீலனைக்குப் போறோம். சாமி கும்பிடாமப் போவாங்களா?

வைரக்கண்ணு: பரிசீலனையில என்ன இருக்கு? பதினோரு மணிக்கு ஒவ்வொருத்தன் பேரா வாசிப்பான். வைரக்கண்ணுன்னு வாசிக்கறப்ப நான் முன்வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கணும். அந்த எதிர்க்கட்சிக்காரன் மூஞ்சியப் பாக்கணும். அதுக்குத்தான் போறது.

சுஹைப்: அண்ணே, ஒரு நிமிசம். தேர்தல் ஆபீஸ்லேர்ந்து வக்கீலம்மா கூப்புடுது... சொல்லுங்க மர்யம். ஆமா, கேட்ல நிக்கிறோம்... ம்... என்னது? ...இருக்காதே. நானே டைப் அடிச்சுக் குடுத்தேன்... எத்தனை கட்டம்? ...எல்லாமேவா?

வைரக்கண்ணு: என்னய்யா?

சுஹைப்: ...நோட்டீஸா? எப்ப? ...சரி. வைங்க. கூப்புடறேன்.

வைரக்கண்ணு: மூஞ்சி ஏன் செத்துப் போச்சு? சொல்லுய்யா.

சுஹைப்: அண்ணே... உங்க அபிடவிட்ல பாதிக் கட்டம் காலியா இருக்காம்.

வைரக்கண்ணு: எது, அந்த சொத்துப் பத்திரமா?

சுஹைப்: சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதுவோமே, அதான். காலியா விட்டா மனுவே செல்லாது. நான் அடிச்ச பேப்பர்ல ஒரு கட்டம்கூட காலியில்லயே. குற்ற வழக்கு, இல்லை. அரசாங்க பாக்கி, இல்லை. வெளிநாட்டுச் சொத்து, இல்லை. எல்லாத்துலயும் அடிச்சிருந்தேனே.

வைரக்கண்ணு: நீ அடிச்சத அப்படியே குடுக்கல தம்பி.

சுஹைப்: என்ன பண்ணீங்க?

வைரக்கண்ணு: கோவப்படாத. அன்னிக்கி காலையில கெளம்பறதுக்கு முன்னாடி எடுத்துப் படிச்சுப் பாத்தோம். மொதப் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அந்த வார்த்தைதான். மனுசன் ஒரு நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப... படிக்கறதுக்கு திவாலானவன் மனு மாதிரி இருந்துச்சுய்யா.

சுஹைப்: வழக்கு இல்லைன்னா அது பெருமைதானேண்ணே?

வைரக்கண்ணு: பெருமைதான். ஆனா சொல்லு சொல்லுதானே? வளர்பிறை, நல்ல ஓரை, அதுல போயி... ஈஸ்வரிதான் மொதல்ல சொன்னா. இவ்வளவு பெரிய விசயத்துக்குப் போறீங்க, இந்த வார்த்தைய எழுதிக் குடுத்தா வெளங்குமாங்கன்னு. எனக்கும் நியாயமாப் பட்டுச்சு. கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு டைப்பிங் கடையில வேற அடிச்சு, நோட்டரிகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டோம்.

சுஹைப்: யாரு போயி அடிச்சது?

வைரக்கண்ணு: அவதான். எனக்கெங்க நேரம்? அவ எடுத்துட்டு வந்து இங்க போடுங்க, இங்க போடுங்கன்னா. போட்டேன்.

சுஹைப்: படிக்காமயே?

வைரக்கண்ணு: பொண்டாட்டி நீட்டறதப் படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போடுவாங்க? அப்புறம் காலியா இருந்த எடத்துல எல்லாம் நானே ஒரு பொட்டு மஞ்ச வச்சேன். மங்களகரமா இருக்கட்டும்னு.

சுஹைப்: மஞ்சளு. அபிடவிட்ல.

வைரக்கண்ணு: கஸ்தூரி மஞ்சதான்யா.

சுஹைப்: யா அல்லா... சரி, போனது போவட்டும். இப்படிக் காலியா இருந்தா அவங்களே நோட்டீஸ் குடுப்பாங்க. பரிசீலனை ஆரம்பிக்கறதுக்குள்ள வேற அபிடவிட் குடுத்தா ஏத்துக்குவாங்க. நேத்தே குடுத்துட்டாங்களாம். உங்களை முன்மொழிஞ்சவங்க கையில.

வைரக்கண்ணு: முன்மொழிஞ்சது... ஈஸ்வரி, நீதானே முன்மொழிஞ்ச?

ஈஸ்வரி: ஆமாங்க.

வைரக்கண்ணு: ஒன்கிட்ட ஏதாவது குடுத்தானுவளா?

ஈஸ்வரி: ஒரு பேப்பர் குடுத்தாங்க. முத்திரையெல்லாம் குத்தி, பாக்க லட்சணமா இருந்துச்சு. குங்குமம் வச்சு சாமி மாடத்துல வச்சுட்டேன்.

வைரக்கண்ணு: அடியே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

ஈஸ்வரி: வந்தேனே. கூடத்துல கட்சிக்காரங்களோட உக்காந்திருந்தீங்க. ஆம்பளைங்க பேசற எடத்துல உனக்கென்ன வேலை, உள்ள போயி எட்டு காபி போடுன்னீங்க. போட்டேன்.

சுஹைப்: அது உண்மைண்ணே. நான்கூட ஒரு காபி குடிச்சேன்.

வைரக்கண்ணு: மணி என்ன?

ஈஸ்வரி: பத்தே முக்கால் ஆச்சுங்க.

வைரக்கண்ணு: கேட்டத் தொறக்கச் சொல்லு. வேட்பாளர் வண்டின்னு சொல்லுய்யா.

சுஹைப்: கூட்ஸ் எஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நெல்லு மூட்டை ஏத்துனது. எஞ்சினக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டறாங்க.

வைரக்கண்ணு: நாம வெளைய வச்ச நெல்லு. நம்மளையே மறிச்சுக்கிட்டு நிக்கிது பாரு. வண்டியத் திருப்பு.

சுஹைப்: பின்னாடி பாருங்க. டவுன் பஸ்ஸு, அதுக்குப் பின்னாடி கரும்பு லாரி, அதுக்குப் பின்னாடி எது நிக்கிதுன்னே தெரியல.

வைரக்கண்ணு: எறங்கி நடந்து அந்தப் பக்கம் போயிடறேன். ஒரு பைக்கப் புடிச்சு...

சுஹைப்: புடிச்சு? பத்திரம் வாங்கணும். அடிக்கணும். நோட்டரி முன்னால கையெழுத்துப் போடணும். அப்புறம் ஆபீஸுக்குப் போகணும். ரயிலு பறந்தாலும் பதினோரு மணிக்குள்ள ஆவாதுண்ணே.

வைரக்கண்ணு: எனக்கு நெஞ்சு அடைக்குது ஈஸ்வரி.

ஈஸ்வரி: இந்தாங்க தண்ணி. மெதுவாக் குடிங்க.

வைரக்கண்ணு: முப்பது வருசம்... கும்பகோணம் மாநாட்டுக்கு சைக்கிள்ல போயி கம்பம் நட்டவன்டி நான். வயலு ரெண்டு மா வித்து வேட்டி சட்டை வெளுப்பா வச்சுக்கிட்டவன். ஒரு தடவையாவது எம்எல்ஏன்னு யாராவது கூப்புட மாட்டானான்னு... ஒரு வார்த்தைக்குப் பயந்து போச்சேடி.

ஈஸ்வரி: அழாதீங்க. கார்ல பெரிய கண்ணாடி. பஸ்லேர்ந்து பாக்கறாங்க.

சுஹைப்: அண்ணே... மணி பதினொண்ணு தாண்டிருச்சு. மர்யம் மறுபடி கூப்புடுது... சொல்லுங்க... ம்... ம். சரி. அப்ப அடுத்தது? ...அப்படியா. சரி.

வைரக்கண்ணு: சொல்லு. தாங்கிக்கறேன்.

சுஹைப்: மொதல்லயே உங்க பேரத்தான் எடுத்தாங்களாம். தள்ளுபடி பண்ணிட்டாங்க.

வைரக்கண்ணு: போச்சு.

சுஹைப்: ஆனா கட்சி போவலண்ணே. லெட்டர்ல ரெண்டாவது பேரு இருக்குல்ல? உங்க மனு தள்ளுபடின்னா மாத்து வேட்பாளர்தான் கட்சி வேட்பாளர். சின்னம் அண்ணிக்கு. அவங்க மனுவ இனிமேதான் எடுக்கப் போறாங்க.

ஈஸ்வரி: டயர் பஞ்சருங்க.

வைரக்கண்ணு: இரு... இரு. சின்னம் இருக்கு. பேருதானே மாறுது? பேரு மாறுனா என்ன? அஞ்சு வருசம் இவ பஞ்சாயத்துத் தலைவர். பெண்களுக்கு ஒதுக்குன ஊராட்சி. ஊர்ல ஒருத்தனாவது இவள தலைவர்னு கூப்புட்டானா? எல்லாவனும் என்னையத்தானே தலைவரேன்னான்?

சுஹைப்: ஆமா, நானே அப்படித்தான் கூப்புட்டிருக்கேன்.

வைரக்கண்ணு: பின்ன? பேரு அவளுது, நாற்காலி நம்மளுது. அதே ஏற்பாடு. சும்மா பயந்துட்டேன்யா. ஈஸ்வரி, கண்ணத் தொடச்சேனா பாரு, போட்டோ எடுக்க ஆள் வருவான்.

ஈஸ்வரி: சுதந்திர தினத்துக்குக் கொடி ஏத்துனீங்களே, ஞாபகம் இருக்கா?

வைரக்கண்ணு: அஞ்சு வருசமும் நான்தான் ஏத்துனேன். ஏன்?

ஈஸ்வரி: தலைவர் நானு. நீங்க கயித்த இழுத்தீங்க. நான் பக்கத்துல முட்டாய்த் தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்து வீட்டு ராசம்மா பேத்தி வந்து, அத்தே, நீங்க முட்டாய் குடுக்கற வேலையான்னு கேட்டுச்சு. எனக்கு அழுகையா வந்துருச்சு.

வைரக்கண்ணு: சின்னப் புள்ள கேட்டதையா இத்தனை வருசமா வச்சுக்கிட்டிருக்க?

ஈஸ்வரி: சும்மா ஞாபகம் வந்துச்சு. தம்பி, சட்டசபையில வீட்டுக்காரரு உக்கார எடம் உண்டா?

சுஹைப்: மேல பார்வையாளர் மாடம் இருக்கு அண்ணி. பாஸ் வேணும்.

ஈஸ்வரி: பாஸுக்கு யாரு எழுதிக் குடுக்கணும்?

சுஹைப்: எம்எல்ஏதான்.

வைரக்கண்ணு: ரெண்டு பேரும் வெளையாடறீங்களா? யோவ், வேலையப் பாரு. அந்த செக் புக்க எடு. சேரனுக்கு மைக் செட்டு அட்வான்ஸ் இப்பவே குடுத்துரு.

சுஹைப்: இனிமே உங்க அக்கவுண்ட்லேர்ந்து குடுக்க முடியாதுண்ணே. நீங்க வேட்பாளர் இல்ல. கட்சிப் பணமும் அண்ணி அக்கவுண்டுக்குத்தான் வரும். ஒவ்வொரு செக்கும் அண்ணி கையெழுத்து.

வைரக்கண்ணு: அதுல என்ன கஷ்டம்? அவ கையெழுத்த அவளவிட நான் நல்லாப் போடுவேன். அஞ்சு வருசம் பஞ்சாயத்து செக்கெல்லாம் யாரு போட்டதுங்கற?

சுஹைப்: இத நான் கேக்கலண்ணே.

ஈஸ்வரி: அது பழைய கையெழுத்துங்க.

வைரக்கண்ணு: பழசா?

ஈஸ்வரி: அது வை. ஈஸ்வரின்னு சுருக்கமா, கோழி கிண்டுன மாதிரி. இந்த பேங்க்ல தம்பி நேர்ல என்னையக் கூட்டிட்டுப் போனாருல்ல? அங்க பிரகதீஸ்வரின்னு முழுசா எழுதினேன். மனுவுலயும் அதான்.

வைரக்கண்ணு: அத ஒரு காயிதத்துல போட்டுக் காட்டு. ரெண்டு நாள்ல பழகிடறேன்.

ஈஸ்வரி: காட்டறேன். எல்லாம் முடியட்டும்.

வைரக்கண்ணு: எல்லாம்னா?

ஈஸ்வரி: அஞ்சு வருசம்.

வைரக்கண்ணு: என்ன இவ ஒரு மாதிரிப் பேசறா... தம்பி, என் மூஞ்சி போட்டு போஸ்டர் அடிச்சமே, அது?

சுஹைப்: அச்சாபீஸ்லயே இருக்கு. இப்ப ஒட்டுனா அண்ணி செலவுல ஏறும்.

ஈஸ்வரி: ஒட்ட வேணாம் தம்பி. கட்டி வைங்க. அறுப்புக்குக் களத்துல விரிக்கலாம்.

வைரக்கண்ணு: ஏய்...

சுஹைப்: அண்ணே, எஞ்சின் மாட்டிட்டாங்க. கூட்ஸ் நகருது.

வைரக்கண்ணு: நில்லு. நில்லு, நில்லு. வண்டிய எடுக்காத.

சுஹைப்: என்னண்ணே?

வைரக்கண்ணு: அன்னிக்கி ரெண்டு அபிடவிட்டும் ஒண்ணாத்தானே போச்சு, அந்த டைப்பிங் கடைக்கு? ஈஸ்வரி, நீயே எனக்குச் சொன்ன, நல்ல நாள்ல அந்த வார்த்தைய எழுதக் கூடாதுன்னு. எங்கம்மாவவிட நீ அதுல கறாரு. அப்ப உன்னோடதும் காலிதானே? அய்யய்யோ. ரெண்டு மனுவும் போச்சாடி? தலைமைக்கு என்னன்னு பதில் சொல்லுவேன்? கட்சிக்கே ஆளு நிக்காமப் பண்ணிட்டமே... ஏய், வாயத் தொறந்து சொல்லு. உன் அபிடவிட்ல அந்தக் கட்டத்துல எல்லாம் என்ன இருக்கு?

ஈஸ்வரி: பதறாதீங்க. நான் டைப்பு அடிக்கறவர விடலங்க. பக்கத்துல உக்காந்து, என் கையாலயே, ஒரு கட்டம் விடாம இல்லை, இல்லை, இல்லைன்னு எழுதியிருக்கேன்.